பட்ஜெட் ஹேண்ட்ஹெல்டில் பழைய கேம்கள்: முதல் நாளே செய்துவிட வேண்டியவை

பட்ஜெட் ரெட்ரோ ஹேண்ட்ஹெல்டு, அதாவது பழைய கன்சோல் கேம்களை ஓட்டும் மலிவான கையடக்கக் கருவி, வாங்கியவர்களில் பலர் செய்யும் முதல் காரியம், அதோடு வந்த ஆயிரக்கணக்கான கேம்களின் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதுதான். ஒன்றைத் திறப்பார்கள், இரண்டு நிமிடம் ஆடுவார்கள், வெளியே வந்து அடுத்ததைத் திறப்பார்கள். கொஞ்ச நாளில் கருவி டிராயருக்குள் போய்விடும். இல்லையென்றால் ஒருநாள் ஆன் ஆகாமல் நிற்கும். அதுவரை சேமித்த ஆட்டமெல்லாம் மெமரி கார்டோடு போயிருக்கும். இரண்டுமே தவிர்க்கக் கூடியவை. ஆடத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, கார்டை மாற்றி, ஆடப்போகிற சில கேம்களை மட்டும் ஏற்றி, சேவ் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் போதும். இந்தச் சின்னக் கருவிகள் தரும் சந்தோஷம் உண்மையிலேயே பெரியது. அதைப் பாதியில் இழக்க வேண்டியதில்லை.

எந்தக் கருவி, எதுவரை ஓடும்

அன்பெர்னிக், மியூ, பவ்கிடி, டிரிம்யுஐ ஆகிய பெயர்கள் இந்த வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும். வெளித்தோற்றத்தில் மயங்காதீர்கள், எதுவரை ஓடும் என்பதை உள்ளே இருக்கும் சிப்தான் முடிவு செய்கிறது.

மியூ மினி பிளஸ்ஸில் இருப்பது 128 எம்பி ரேம், 3.5 அங்குலத் திரை, 640×480 பிக்சல். 1983இல் வந்த ஃபேமிகாம், 1989இல் வந்த கேம் பாய் தொடங்கி, சூப்பர் நின்டென்டோ, மெகா டிரைவ், கேம் பாய் அட்வான்ஸ், 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் வரையிலான கன்சோல்களின் கேம்கள் அதில் நன்றாக ஓடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். அன்பெர்னிக்கின் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச் ஒரு படி மேல்: ஆல்வின்னர் எச்700 சிப், 1 ஜிபி ரேம், இரண்டு அனலாக் ஸ்டிக். நின்டென்டோ 64, டிரீம்காஸ்ட், பிஎஸ்பி ஆகியவற்றில் இலகுவான கேம்கள் இதில் ஓடும், கனமானவை திணறும்.

முதல் பிளேஸ்டேஷனின் வேகம் சுமார் 33 மெகாஹெர்ட்ஸ், நின்டென்டோ 64இன் வேகம் சுமார் 93 மெகாஹெர்ட்ஸ். இன்றைய மலிவான சிப்கூட 1000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டுகிறதே, பிறகு ஏன் திணற வேண்டும் என்று கேட்கலாம். பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர், பழைய இயந்திரத்தின் ஒவ்வொரு கட்டளையையும் புதிய சிப்புக்குப் புரிகிற கட்டளையாக மாற்ற வேண்டும். படம், ஒலி, பட்டன் எல்லாமே பழைய இயந்திரத்தில் எந்த நொடியில் நடந்ததோ அதே நொடியில் நடக்கும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பன்மடங்கு வலு தேவை. சூப்பர் நின்டென்டோவிலேயே ஸ்டார் ஃபாக்ஸ் மாதிரி, கார்ட்ரிட்ஜுக்குள் கூடுதல் சிப்போடு வந்த கேம்கள் மற்றவற்றைவிடக் கருவியை அதிகம் உழைக்க வைக்கும்.

‘பிஎஸ்பி, டிரீம்காஸ்ட் எல்லாம் ஓடும்’ என்ற விளம்பர வரிக்காக அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பேன். புதிதாக வருபவருக்கு பிளேஸ்டேஷன் 1 வரை தடங்கலின்றி ஓடுகிற கருவியே சரி. பாதி வேகத்தில் ஓடும் பெரிய கேமைவிட முழு வேகத்தில் ஓடும் சின்ன கேம்தான் கடைசிவரை ஆட வைக்கும்.

ஆர்36எஸ் என்ற மாதிரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த ஒரே பெயரில், உள்ளே வெவ்வேறு திரைகளும் போர்டுகளும் வைத்த நகல்கள் நிறைய விற்கப்படுகின்றன. திரைக்குப் பொருந்தாத சிஸ்டத்தை, அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, போட்டால் கருவி ஆன் ஆனாலும் திரை இருட்டாகவே இருக்கும். கையில் இருப்பது அதுவென்றால், அசல் கார்டில் இருக்கும் டிடிபி ஃபைல்களை (உள்ளே என்ன திரை, என்ன போர்டு என்று சிஸ்டத்துக்குச் சொல்பவை) கம்ப்யூட்டரில் எடுத்து வைத்த பிறகே மற்றதைத் தொடுங்கள்.

முதல் வேலை: மெமரி கார்டை மாற்றுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். கருவியோடு வரும் கார்டு பெரும்பாலும் பெயர் தெரியாத மட்ட ரகம். சிஸ்டம், கேம்கள், சேவ் எல்லாம் அதில்தான் இருக்கும். முதலில் பழுதாவதும் அதுதான். நல்ல பிராண்டில் 64 ஜிபி கார்டு ஒன்று போதும். பழைய கார்ட்ரிட்ஜ் கேம்கள் எவ்வளவு சின்னவை என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்: முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கேபி, சூப்பர் நின்டென்டோவின் மிகப் பெரிய கேம்கள்கூட 6 எம்பிதான். இடத்தை அடைப்பது பிளேஸ்டேஷன் போன்றவற்றின் டிஸ்க் கேம்கள் மட்டுமே.

கருவியை முழுவதும் அணைத்துவிட்டு அசல் கார்டை வெளியே எடுங்கள். கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் செருகியதும், விண்டோஸ் என்றால், ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா?’ என்று ஒரு பெட்டி எழும்பக்கூடும். சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து பெட்டிகள்கூட வரும். பதறி ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் கேன்சல் கொடுங்கள். கார்டில் குறை ஒன்றுமில்லை. கருவிக்குள் ஓடுவது லினக்ஸ்; அதன் பார்ட்டிஷன்கள் (கார்டின் பிரிவுகள்) சிலவற்றை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான். இந்த ஒரு பெட்டியில் தவறாக அழுத்தித்தான் பலர் முதல் நாளே சிஸ்டத்தை அழித்துவிடுகிறார்கள்.

அடுத்து, வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற மென்பொருளால் அசல் கார்டு முழுவதையும் ஒரே இமேஜ் ஃபைலாகப் படித்து கம்ப்யூட்டரில் வையுங்கள். ‘ரீட்’ பட்டனைத்தான் அழுத்துகிறோமா என்று இருமுறை பாருங்கள்; ‘ரைட்’ அழுத்தினால் தலைகீழாகிவிடும். இமேஜ் கிடைத்ததும் அசல் கார்டை உறையில் போட்டு எடுத்து வைத்துவிடலாம்.

புதுக் கார்டையும் நம்பிவிடாமல் ஒருமுறை சோதியுங்கள். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே அதில் பாதிகூட இல்லாத போலிகள் உண்டு. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகிய இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதிப் பார்த்து, திரும்பப் படித்து, உண்மையைச் சொல்லிவிடும். நேரம் எடுக்கும், ஓடவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இனி சிஸ்டம். கம்பெனி போட்டுத் தரும் சிஸ்டத்தைவிட ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தருபவை பெரும்பாலும் சிறந்தவை. மியூ மினி பிளஸ்ஸுக்கு ஆனியன்ஓஎஸ், எச்700 சிப் கொண்ட அன்பெர்னிக் கருவிகளுக்கு மியூஓஎஸ் அல்லது நுல்லி, ஆர்36எஸ் வகைக்கு ஆர்க்ஓஎஸ். கருவியின் பெயரும் சிஸ்டத்தின் பக்கத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தரவிறக்குங்கள். போடும் முறை இரண்டு வகை. ஆனியன்ஓஎஸ்ஸுக்கு கார்டை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால் போதும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி பெரிய கார்டுகளுக்கு ஃபேட்32 காட்டாமல் போகலாம். ரூஃபஸ் என்ற மென்பொருள் அதைச் செய்துவிடும். மற்றவை இமேஜ் ஃபைலாக வரும். அவற்றை பலீனா எட்சர் என்ற மென்பொருளில் திறந்து, கார்டைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது வெளி ஹார்டு டிஸ்க் எதுவும் கம்ப்யூட்டரில் செருகியிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை ஆன் செய்ததும் கார்டில் மிச்சமிருக்கும் இடத்தை விரிக்க சிஸ்டம் சில நிமிடம் எடுக்கும். திரை உறைந்ததுபோலத் தெரிந்தாலும் அணைக்காதீர்கள். சார்ஜ் நிறைய இருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள கருவி என்றால் ஒன்றில் சிஸ்டம், மற்றொன்றில் கேம்களும் சேவ்களும். பின்னாளில் சிஸ்டத்தை மாற்றும்போது கேம் கார்டைத் தொடவே வேண்டியிருக்காது.

கேம்கள் எங்கிருந்து, எப்படி

எமுலேட்டர் என்ற மென்பொருளைப் பற்றி அமெரிக்காவில் சோனிக்கும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் தயாரித்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கமே தீர்ப்பளித்தது. கேம்களின் கதை வேறு; அவற்றின் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. விற்பவர்கள் கார்டில் அடைத்துத் தரும் ஆயிரக்கணக்கான கேம்கள் உரிமம் வாங்கிப் போட்டவை என்று நினைத்துவிட வேண்டாம். உங்களிடம் இருக்கும் கார்ட்ரிட்ஜ், டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்வதே நேர்மையான வழி. அதைக்கூட உங்கள் நாட்டுச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜைப் படித்து ஃபைலாக்கித் தரும் யுஎஸ்பி கருவிகள் விற்பனையில் உள்ளன. பிளேஸ்டேஷன் டிஸ்க்குக்கு கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவும் இம்க்பர்ன் மென்பொருளும் போதும்.

சொந்தமாக எதுவும் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. கேம் பாய்க்காக இன்றும் புதிது புதிதாக கேம் எழுதுகிறார்கள்; ஜிபி ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு இன்னும் அதிகம். இட்ச் தளத்தில் இலவசமாகவும் விலைக்கும் கிடைக்கின்றன. 2004இல் இலவசமாக வெளியான கேவ் ஸ்டோரியை இந்தக் கருவிகள் பலவற்றில் ஆடலாம். தனி ஒருவர் உருவாக்கிய கேம் அது. நான் யாருக்காவது முதலில் எதையாவது சிபாரிசு செய்வதென்றால் அதைத்தான் செய்வேன்.

ஃபைல்களைப் போடும்போது கார்டில் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரை மாற்றாதீர்கள். எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த எமுலேட்டரைத் திறப்பது என்று சிஸ்டம் முடிவு செய்கிறது.

பிளேஸ்டேஷன் கேம்கள் பெரும்பாலும் இரண்டு வகை ஃபைலாக இருக்கும்: பின் என்ற பெரிய ஃபைல், கியூ என்ற குட்டி ஃபைல். கியூ ஃபைலை நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே, மேற்கோள் குறிக்குள், பின் ஃபைலின் பெயர் எழுதியிருக்கும். நீங்கள் அழகுக்காக பின் ஃபைலின் பெயரை மாற்றியிருந்தால், இந்த வரியிலும் மாற்ற வேண்டும். ஒரு இடைவெளி கூடினாலும் கேம் திறக்காது. ‘கேம் ஓடவில்லை’ என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு வரியால்தான். இதைவிட நல்ல வழி, மேம் எமுலேட்டரோடு வரும் சிஹெச்டிமேன் கருவியால் இரண்டையும் சேர்த்து ஒரே சிஹெச்டி ஃபைலாக்கிவிடுவது. இடமும் மிச்சமாகும், பெயர்க் குழப்பமும் போகும். இரண்டு மூன்று டிஸ்க் உள்ள கேம் என்றால், ஒவ்வொரு டிஸ்க் ஃபைலின் பெயரையும் ஒரு வரியாக எழுதி எம்3யு என்ற நீட்டிப்போடு சேமித்து, அதையே திறங்கள். டிஸ்க் மாற்றும்போது சேவ் பிரியாமல் இருக்கும்.

பிளேஸ்டேஷனுக்கு பயாஸ் ஃபைலும் வேண்டும். 512 கேபி அளவுள்ளது, கன்சோலுக்குள் இருந்த அடிப்படை மென்பொருள் அது. பயாஸ் ஃபோல்டரில், சிஸ்டம் கேட்கும் அதே பெயரில், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடுகூட இல்லாமல் இருக்க வேண்டும். அது இல்லாமலும் பல கேம்கள் திறக்கும். ஆனால் அவற்றில் சில பாதியில் ஏதாவது ஒரு இடத்தில் சிக்கலாம்.

ஒரே கேமின் ஐரோப்பியப் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் இருந்தால் அமெரிக்கப் பதிப்பைப் போடுங்கள். ஐரோப்பியப் பதிப்புகள் நொடிக்கு 50 படம் காட்டும் டிவிகளுக்காகச் செய்யப்பட்டவை. பல கேம்கள் அதில் மெதுவாகவே ஓடும். அமெரிக்கப் பதிப்புக்கு அது 60.

முதல் மாதத்தில் இருபது கேமுக்கு மேல் போடாதீர்கள். பட்டியல் ஒரே திரையில் முடிந்துவிட்டால் கை தானாக ஆட்டத்துக்குப் போகும்.

எந்த கோர்?

இந்தக் கருவிகளில் பெரும்பாலும் பின்னால் நின்று வேலை செய்வது ரெட்ரோஆர்க். அதற்குள் ஒவ்வொரு கன்சோலுக்கும் ‘கோர்’ என்ற எமுலேட்டர்கள் இருக்கும். சிஸ்டம் தேர்ந்து வைத்திருப்பதை முதலில் மாற்றவே வேண்டாம். கேம் பாய் அட்வான்ஸுக்கு மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எம்ஜிபிஏ துல்லியமானது, ஜிபிஎஸ்பி வேகமானது. முதலாவது திணறினால் மட்டும் இரண்டாவதற்குப் போங்கள். பிளேஸ்டேஷனுக்கு பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு. அந்தப் பெயரிலேயே இருக்கிறபடி, ஆர்ம் சிப்களுக்கென்றே செதுக்கப்பட்டது.

சேவ்: இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள்

இரண்டு வகை சேவ் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொண்டால் இழப்பு நிச்சயம்.

முதலாவது, கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ். அந்தக் காலத்தில் கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி வைத்து இதைக் காப்பாற்றினார்கள். இப்போது அது எஸ்ஆர்எம் நீட்டிப்புள்ள ஒரு குட்டி ஃபைல். இந்த ஃபைலை வேறு கோருக்கும் வேறு கருவிக்கும் கொண்டுபோகலாம். இரண்டாவது, சேவ் ஸ்டேட். எமுலேட்டரின் மொத்த நினைவையும் அந்த நொடியில் எடுத்த புகைப்படம் மாதிரி. சண்டையின் நடுவில்கூட எடுக்கலாம். ஆனால் கோர் மாறினால் அது திறக்காது. சில சமயம் அதே கோரின் வேறு பதிப்பிலேயே திறக்காது.

கேமுக்குள் சேவ் செய்தவுடன் திரையில் ‘சேமிக்கப்பட்டது’ என்று வரும். அந்த நொடியில் அது கருவியின் ரேமில்தான் இருக்கிறது. கார்டில் எழுதப்படுவது பொதுவாக நீங்கள் கேமை முறையாக மூடும்போதுதான். அதற்குள் பவர் பட்டனைப் பிடித்து வலுக்கட்டாயமாக அணைத்தாலோ, பேட்டரி தீர்ந்தாலோ, சேவ் காற்றில் போயிற்று. ரெட்ரோஆர்க்கின் சேவிங் பகுதியில், சேவ்ரேமை (கேமுக்குள் செய்த சேவ் இருக்கும் நினைவை) தானாக எழுதும் இடைவெளி என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைப் பத்து நொடி போல வைத்துவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. நேற்று ஒரு சேவ் ஸ்டேட் எடுத்தீர்கள். இன்று இரண்டு மணி நேரம் ஆடி, கேமுக்குள் முறையாக சேவ் செய்தீர்கள். நாளை, ஞாபகமில்லாமல் நேற்றைய சேவ் ஸ்டேட்டைத் திறக்கிறீர்கள். அந்த ஸ்டேட்டுக்குள் நேற்றைய கார்ட்ரிட்ஜ் நினைவும் சேர்ந்தே இருக்கிறது. அது இன்றைய சேவுக்கு மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேமை மூடும்போது அதுவே கார்டிலும் எழுதப்பட்டுவிடும். இரண்டு மணி நேர ஆட்டம் போனது. தானாக ஸ்டேட்டைத் திறக்கும் வசதி ஆனில் இருந்தால் இது உங்களுக்குத் தெரியாமலேயே நடக்கும். ரெட்ரோஆர்க்கில் ஸ்டேட்டைத் திறக்கும்போது சேவ்ரேமை மாற்றாதே என்று சொல்லும் அமைப்பும் உண்டு. அதை ஆன் செய்யுங்கள். நீண்ட கதையுள்ள கேம்களில் கேமுக்குள்ளேயே சேவ் செய்வதைப் பிரதானமாக வைத்துக்கொண்டு, ஸ்டேட்டைச் சட்டென்று எழுந்து போக வேண்டிய நேரத்துக்கு மட்டும் வையுங்கள்.

திரை தெளிவாகத் தெரிய

640×480 திரையில் பிளேஸ்டேஷனின் 320×240 படம் சரியாக இரண்டு மடங்காக உட்காரும். கேம் பாயின் 160×144 படம் மூன்று மடங்காகி 480×432 ஆகும். சுற்றிக் கறுப்பு ஓரம் வரும், ஆனால் படம் கூர்மையாக இருக்கும். கேம் பாய் அட்வான்ஸின் 240×160தான் சங்கடம். இரண்டு மடங்கு என்றால் 480×320, திரையில் சின்னதாகத் தெரியும். அகலம் முழுக்க விரித்தால் 2.67 மடங்கு, சில பிக்சல் இரண்டு புள்ளி அகலம், சில மூன்று. பாத்திரம் நடக்கும்போது தரையும் சுவரும் நெளிவதுபோலத் தெரியும். ரெட்ரோஆர்க்கின் வீடியோ பகுதியில் இன்டிஜர் ஸ்கேலை ஆன் செய்தால் நெளிவு நிற்கும், படம் சிறுக்கும். எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். கேம் பாய் அட்வான்ஸுக்காகவே ஒரு கருவி வாங்குவதென்றால் 720×480 திரை உள்ளதைப் பாருங்கள். அதில் சரியாக மூன்று மடங்கு, ஓரமே இல்லை. அன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் அப்படிப்பட்டது.

மாற்றிய அமைப்பை ‘கோர் ஓவர்ரைடு’ ஆகச் சேமியுங்கள். இல்லையென்றால் கேம் பாய்க்காகச் செய்த மாற்றம் மற்ற எல்லா கன்சோலுக்கும் போய் ஒட்டிக்கொள்ளும்.

பட்டன், சார்ஜ்

கேமிலிருந்து வெளியே வரும் குறுக்குவழியை முதலிலேயே கண்டுபிடியுங்கள். சில சிஸ்டத்தில் செலக்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து, சிலதில் மெனு பட்டனோடு இன்னொன்று. அது தெரியாததால்தான் பலர் பவர் பட்டனில் போய் அணைக்கிறார்கள்.

சார்ஜுக்கு, போனுடன் வந்த அதிவேக சார்ஜரும் இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளும் வேண்டாம். மலிவான கருவிகள் பலவற்றில் அப்படிச் செருகினால் சார்ஜே ஏறாது. கருவி பழுது என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு முனையில் பழைய அகல யுஎஸ்பி உள்ள கேபிளும் சாதாரண 5 வோல்ட் அடாப்டரும் போதும்.

எல்லாம் தயாரானதும் புதுக் கார்டையும் ஒருமுறை இமேஜ் எடுத்து கம்ப்யூட்டரில் வையுங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை சேவ் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் போதும். சில எம்பிதான் இருக்கும். சிஸ்டத்துக்குப் புதுப்பதிப்பு வந்தால் உடனே பாயாமல், அந்த நகலை எடுத்த பிறகு போடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் கேம்களில் கேமுக்குள் ஒரு சேவும் செய்துவிடுங்கள், ஏனென்றால் பதிப்பு மாறிய பிறகு பழைய ஸ்டேட்டுகள் திறக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.